இந்தியா கேட்டில் இன்னொரு சுற்று

எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் சரண்யா போன மாதம் ஒரு பள்ளிப் பேருந்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் நேராக என் வீட்டு வாசலில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஆன்ட்டி, சின்னப் பசங்க ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டா நீங்கல்லாம் அப்ப என்ன செய்வீங்க?"

"நீ என்ன செஞ்சே, அதச் சொல்லு முதல்ல."

"போன்ல ஒரு ஆப் குடுத்திருக்காங்க. சண்டைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதத் தொட்டா ரெண்டு அம்மாவுக்கும் உடனே தகவல் போயிடும். தொட்டேன். ஸ்டாப்புக்கு வந்து பாத்தா ரெண்டு அம்மாவும் முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு நிக்கறாங்க. பசங்க ரெண்டும் ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கையப் போட்டுக்கிட்டு இறங்குது!"

எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. நானும் ஒரு காலத்தில் பள்ளி பஸ்ஸில் இதே வேலை பார்த்தவள்தான். பிள்ளைகளின் சண்டை அம்மாக்கள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அப்போது என் வேலையே. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இப்போது அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே ஒரு ஆள், ஒரு போன். நல்லது, காலம் முன்னேறுகிறது.

"எழுதிக் குடுங்க ஆன்ட்டி, நான் படிச்சுக்கறேன்" என்றாள். பேசச் சொன்னால் நான் நாள் முழுக்கப் பேசுவேன். எழுதுவதுதான் இழுக்கும். இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் கோல் மார்க்கெட் பக்கத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்து பஸ்ஸில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பியூன். நான் ஊரில் ஐந்தாவது வரை படித்தவள். மீதித் தமிழைக் கடலை மடித்து வந்த காகிதத்தில் படித்தேன். ஹிந்தியை பஸ் ஜன்னல் வழியாகக் கடைப் பலகைகளில் எழுத்துக் கூட்டிக் கற்றேன். அதனால் மிட்டாய்க் கடை, செருப்புக் கடை, பல் வைத்தியர் ஆகிய வார்த்தைகளில் நான் அப்போதே பண்டிதை. வேலைக்கான பயிற்சி என்று பார்த்தால் ஒரு காலை நேரம். கதவை எப்படிச் சாத்துவது, வாந்தி எடுக்கப் போகும் குழந்தையை முகத்தைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் சௌத்ரி.

சௌத்ரிதான் டிரைவர். அந்த பஸ்ஸுக்கு ராஜாவும் அவர்தான், எனக்கு அதிகாரியும் அவர்தான். ரோத்தக் பக்கத்துக் கிராமத்து ஆள். எருமைகளைப் பற்றி மரியாதையாகவும் மனிதர்களைப் பற்றி யோசித்தும் பேசுவார். எதற்கும் தலையைத் திருப்ப மாட்டார். பேசுவதெல்லாம் முன் கண்ணாடியைப் பார்த்துத்தான். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மதராஸ்காரி என்று அர்த்தம் வர, "மத்ராசன்" என்பார். "எனக்குப் பேர் இருக்கு சௌத்ரி ஜி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அச்சா" என்றார். மறுநாள் காலை, "நமஸ்தே மத்ராசன் ஜி." மரியாதை கூடியது, பேர் அப்படியே இருந்தது.

சேர்ந்த அன்றே சட்டத்தைச் சொல்லிவிட்டார். அவர் சொன்ன ஹிந்தியைத் தமிழில் தருகிறேன்: "இந்த பஸ்ஸிலிருந்து எது வேணும்னாலும் இறங்கலாம். சண்டை மட்டும் இறங்கக் கூடாது. இறங்கினா அம்மா கைக்குப் போகும். அம்மா கைக்குப் போனா அப்பாவோட ஆபீஸுக்குப் போகும். ஆபீஸுக்குப் போனது என்னிக்காவது முடிஞ்சு பாத்திருக்கியா?"

என் வீட்டுக்காரரின் அலுவலகத்தை நினைத்துப் பார்த்தேன். மனிதர் சொன்னது சரிதான் என்று பட்டது.

சண்டையை முடிக்க அவர் வைத்திருந்த முறை இதுதான். யார் ஆரம்பித்தது என்று கேட்கவே கூடாது. கேட்டால் கதை போன தீபாவளிக்குப் போய் நிற்கும். சண்டை போட்ட இருவரில் ஒருவரை டிரைவருக்குப் பின் சீட்டிலும் இன்னொருவரைக் கடைசி பெஞ்சிலும் உட்கார வைக்க வேண்டும். அவர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் சொல்ல வேண்டியது மட்டும் வண்டி வண்டியாக இருக்கும். அதை நான் சுமக்க வேண்டும். இங்கே சொன்னதை அங்கே, அங்கே சொன்னதை இங்கே. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, சமாதானமும் சொல்லக் கூடாது.

"ஆனா மெதுவா நட" என்றார் சௌத்ரி.

அந்த மெதுவில்தான் முழு வித்தையும் இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள், பதிலுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். "நான் அப்படிச் சொல்லலடா!" என்று நேராகவே கத்தும். அந்தப் பக்கத்திலிருந்து "நீதான்டா சொன்னே!" என்று பதில் வரும். நேராகப் பேசிவிட்டார்களா, சண்டை முடிந்தது. சண்டையில் இருப்பவர்கள் எங்கேயாவது நேராகப் பேசிக்கொள்வார்களா?

அப்படியும் முடியாவிட்டால் இந்தியா கேட் இருந்தது. எங்கள் பஸ் அந்தப் பெரிய வட்டத்தைப் பாதி சுற்றித்தான் லோதி காலனிப் பக்கம் திரும்பும். திருப்பம் வரும்போது சௌத்ரி கண்ணாடியைப் பார்த்து, "ஹோ கயா?" என்பார். முடிந்ததா என்று அர்த்தம். "ஹோ கயா ஜி" என்றால் பஸ் திரும்பும். "நஹி ஜி" என்றால் திரும்பாது. முழு வட்டம், இன்னொரு முறை. இந்தியா கேட்டை எத்தனையோ ராஜாக்கள், ராணிகள் பார்த்திருக்கலாம். என்னைப் போல எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

சண்டைக்குக் காரணமா? அதற்கென்ன பஞ்சம். மிருகக் காட்சி சாலையில் சிங்கம் யாரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது என்று ஒரு சண்டை. யாருடைய பல் முதலில் விழும் என்று ஒரு சண்டை, அதன் நடுவிலேயே ஒரு பல் விழுந்து வழக்கு முடிந்தது. உன் அப்பா ஸ்கூட்டரைவிட என் அப்பா ஸ்கூட்டர் அதிகமாக ரிப்பேர் ஆகும் என்று பெருமையடித்து ஒரு சண்டை.

டெல்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. சண்டையை இரண்டு பாஷையில் போடலாம். சுண்டு விரலை நீட்டினால் தமிழ்க் காய். கட்டை விரல் நகத்தை மேல் பல்லில் வைத்துச் சுண்டினால் ஹிந்திக் கட்டி. வெறும் காய் என்றால் சாதாரண கோபம், அடுத்த சிக்னலில் சரியாகிவிடும். வெறும் கட்டி என்றால் இன்னும் கொஞ்சம். இரண்டையும் சேர்த்து விட்டால் அது பெரிய சண்டை. அதை இரண்டு பாஷையிலும்தான் அவிழ்க்க வேண்டும்: இரண்டு விரல் சேர்த்துப் பழம், அப்புறம் கை கொடுத்து தோஸ்த்தி. ஒன்று விட்டுப்போனாலும் செல்லாது.

இதெல்லாம் யாரும் எழுதி வைக்காத சட்டம். ஆனால் நம் அரசாங்கச் சட்டங்களைவிட ஒழுங்காக நடந்தது. அதில் ஒன்று கடுமையானது. பழமாக இருந்த நாளில் சொன்ன ரகசியத்தைக் காய் விட்ட பிறகு வெளியே சொல்லவே கூடாது. சொன்னவளோடு அப்புறம் பஸ்ஸில் ஒருத்தரும் சேர மாட்டார்கள்.

இந்தச் சட்டத்தால்தான் எனக்கு அந்தக் கஷ்டமான வழக்கு வந்தது.

மூன்றாம் வகுப்பில் ஹேமா, செல்வி என்று இரண்டு பெண்கள். ஹேமாவின் அப்பா ஒரு மந்திரி அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசர், வீடு லோதி காலனி குவார்ட்டர்ஸில். செல்வியின் அம்மா அஞ்சலை ஜங்புராவில் வீட்டு வேலை செய்பவள். சாக்கடைக் கால்வாய் ஓரத்து மதராசி கேம்ப்பில் குடிசை. எங்கள் பஸ்ஸின் கடைசி ஸ்டாப் அதுதான். இந்த இரண்டு பேரும் தினமும் ஒரே சீட்டில்தான் உட்காருவார்கள். தினமும் சண்டை போடுவார்கள். வேறு இடத்தில் உட்காரச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

ஒரு குளிர்காலம். ஹேமாவின் அம்மா மைதிலி மாமி பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டார். வெயிலில் பாய் விரித்து, "உல்டா, சீதா, உல்டா, சீதா" என்று, தலைகீழ் நேர் தலைகீழ் நேராக, ஜபம் போலச் சொல்லிக்கொண்டே அவர் பின்னிய முதல் உருப்படி ஹேமாவுக்கு ஒரு குல்லாய். கடுகு மஞ்சள் நிறம். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் பச்சைக் குஞ்சம். அளவு கொஞ்சம் தாராளம், இன்னொரு தலைக்கும் இடம் இருந்தது. பஸ் ஏறியதும் பின் சீட்டுப் பையன்கள், "பந்தர்! பந்தர்!" என்று கூவினார்கள். குரங்காம். மாமி கீழே நின்று பெருமையாகக் கையசைத்தார். ஹேமாவும் கையசைத்தாள்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் இந்தியா கேட் வட்டத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். நான் பின்னால் ஒரு குழந்தைக்கு ஷூ கட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் ஹேமாவும் செல்வியும் சுண்டு விரலை நீட்டி, பல்லில் நகத்தைச் சுண்டி, இரண்டு பாஷையிலும் காய் விட்டாயிற்று. ஹேமா தலையில் குல்லாய் இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறது.

"ஹோ கயா?" என்றார் சௌத்ரி.

"நஹி ஜி!"

இன்னொரு சுற்றுக்கு அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். அந்த நேரம் பார்த்து எந்த நாட்டு விருந்தாளியோ வருகிறாராம். சாலை முழுக்கப் போலீஸ். ஒருவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "சலோ, சலோ! ஜல்தி!" என்று எங்களை லோதி ரோடு பக்கம் விரட்டிவிட்டார். சௌத்ரி முன் கண்ணாடியிடம் ஏதோ ஹரியானா பாஷையில் சொன்னார். அதை நான் எழுதப் போவதில்லை. அந்த ஒரு நாள்தான் எங்கள் பஸ்ஸிலிருந்து ஒரு சண்டை முடியாமல் இறங்கியது.

லோதி காலனி ஸ்டாப்பில் மாமி நின்றிருந்தார்.

"குல்லா எங்கேடி?"

ஹேமா தரையைப் பார்த்தாள். "செல்வி ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுட்டா."

மாமி என்னைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். "போட்டியா நீ?"

"போட்டேன்" என்றாள் செல்வி.

"கண்ணு பூத்துப் போகப் பின்னினேன். நாளைக்கே ஹெட்மாஸ்டர்கிட்ட வரேன். இதை விடப் போறதில்லை."

பஸ்ஸுக்கு வெளியே பொருளை எறிந்தால் அந்த வருஷம் முழுக்க பஸ் கிடையாது என்பது பள்ளியின் விதி. பத்திரத்துக்காகப் போட்ட நல்ல விதிதான். ஆனால் செல்விக்கு பஸ் இல்லையென்றால் பள்ளிக்கூடமே இல்லை. விடியும் முன்பே வேலைக்கு ஓடுகிற அஞ்சலை அவ்வளவு தூரம் கொண்டு வந்து விட முடியாது.

லோதி காலனிக்கும் ஜங்புராவுக்கும் நடுவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன் கண்ணு போட்டே?"

"சும்மா."

"சும்மா யாராவது போடுவாங்களா? அவ ஏதாவது சொன்னாளா?"

அவள் என்னை, ஒன்றும் தெரியாத பெரிய மனுஷியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "காய் விட்டிருக்கேன் அக்கா. ரெண்டு பாஷையிலயும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை யாரிடம் கேட்பது?

அஞ்சலையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டே, "சண்டை போடணும்னா எங்க கேம்ப்புல குழாயடி இருக்கே, இதுக்கு பஸ் ஏறிப் போகணுமா?" என்றாள். சிரிப்பது போலத்தான் சொன்னாள். ரெண்டடி நடந்தவள் திரும்பி, "நெசமாவே பஸ்ஸ நிறுத்திருவாங்களாக்கா?" என்று கேட்டாள். "பெரிய சார் நல்லவர்" என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் பள்ளி விடுகிற நேரத்தில் மாமி வந்துவிட்டார். பெரிய சார் செல்வியைக் கூப்பிட்டு விசாரித்தார். பதமான மனிதர், குழந்தைகளிடம் பேசும்போது நாற்காலியிலிருந்து எழுந்து குனிந்துதான் பேசுவார். "போட்டியாம்மா?" "போட்டேன் சார்." "ஏம்மா?" "சும்மா சார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "நாளைக்கு உங்கம்மாவையும் வரச் சொல்லு. அப்புறம் முடிவு பண்றேன்." ஹேமா வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பேசியது அவளுக்குக் கேட்கவில்லை.

பஸ் கிளம்புகிற நேரம். மாமி மகளோடு எங்கள் பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டார். நடு சீட்டில் ஜன்னலோரமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் கதவுப் பக்கமே நின்றேன். சௌத்ரி கண்ணாடியில் பார்த்தார். "அவங்க பாட்டுக்கு உக்காரட்டும். நீ உன் வேலையைப் பாரு" என்றார்.

செல்வி அவருக்குப் பின் சீட்டில். ஹேமா கடைசி பெஞ்சில். பஸ் கனாட் பிளேஸ் தாண்டியதும் கடைசி பெஞ்சிலிருந்து முதல் செய்தி கிளம்பியது.

"என் ஷார்ப்னரை எப்ப தருவான்னு கேளுங்க."

நடந்தேன். மெதுவாக. மாமியின் முழங்காலைத் தாண்டி. கேட்டேன்.

"அது உடைஞ்சிருச்சு. உடைச்சது அவங்க தம்பின்னும் சொல்லுங்க."

திரும்பி நடந்தேன். சொன்னேன். மாமி, 'இந்த ஊரில் பஸ்ஸில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் புத்தி இருக்கிறதா' என்பது போல என்னைப் பார்த்தார். அவருக்கு முறை தெரியாதே!

ஹேமா பெஞ்சின் நுனிக்கு வந்தாள். "அவ கோள்மூட்டின்னு சொல்லுங்க. பெரிய சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான்னு சொல்லுங்க."

இது பெரிய குற்றச்சாட்டு. இன்னும் மெதுவாக நடந்தேன். பாதி வழியில், மாமியின் சீட்டுக்கு நேராக நான் வந்தபோது, காத்திருக்க முடியாமல் செல்வி சீட்டின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

"நான் சொல்லவே இல்ல! சார் கேட்டாரு, சொல்லல! பஸ் அக்கா கேட்டாங்க, சொல்லல! எங்கம்மா துடைப்பத்தத் தூக்கிக்கிட்டு கேட்டாங்க, அப்பவும் சொல்லல! நீதான் குல்லாயத் தூக்கிப் போடச் சொன்னேன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லவே இல்ல!"

பின் சீட்டுப் பையன்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஹேமா எழுந்து நின்றாள். "அப்ப ஏன் அவ்ளோ தூரமா போட்டே? போடத்தானே சொன்னேன்?"

"நீதானே, யாரும் எடுத்துட்டு வந்து குடுத்துடக் கூடாதுன்னு சொன்னே!"

நேராகப் பேசிவிட்டார்கள். எங்கள் சட்டப்படி சண்டை அங்கேயே முடிந்தது. ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வெளியே பார்த்தேன். இந்தியா கேட் வந்துகொண்டிருந்தது.

"ஹோ கயா?"

பிள்ளைகளுக்கு முடிந்தது, மாமிக்கு இப்போதுதானே ஆரம்பம்? "நஹி ஜி" என்றேன். பஸ் திரும்பாமல் வட்டத்தில் போனது.

"ஹேமா, இங்க வா" என்றார் மாமி. அவள் வந்தாள். "நீயா போடச் சொன்னே?"

"ஆமாம்மா."

"ஏண்டி?"

"எல்லாரும் பந்தர்ங்கறா." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மாமி கைப்பையின் பிடியைத் திருகினார். பிறகு முன் சீட்டைப் பார்த்து, "செல்வி, நீ இங்க வா. நீ உள்ளதைச் சொல்லுவே. அந்தக் குல்லா அவ்வளவு மோசமாவா இருந்தது?" என்று கேட்டார்.

செல்வி முதலில் ஹேமாவைப் பார்த்து இரண்டு விரலை நீட்டினாள். ஹேமா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் இரண்டு விரலால் தொட்டாள். அப்புறம் கை கொடுத்து தோஸ்த்தி. முறையெல்லாம் முடிந்த பிறகு செல்வி மாமி பக்கம் திரும்பினாள்.

"ரொம்ப மோசம் மாமி."

மறுநாள் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சரண்யா கடைசிப் பக்கத்தைப் புரட்டுவாள். அஞ்சலை வருவதற்கு முன்பே மாமி பெரிய சார் அறைக்குப் போய்விட்டார். "போட்டது ஒருத்தி, போடச் சொன்னது என் பொண்ணு. பஸ்ஸை விட்டு எடுக்கறதுன்னா ரெண்டு பேரையும் எடுங்கோ" என்றார். பெரிய சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த வருஷம் முழுக்க இரண்டு பேருக்கும் ஜன்னலோர சீட்டு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே சீட்டில்தானே உட்காருவார்கள், அந்த ஜன்னலோரத்தில் வேறு யாரை வைப்பது? நான்தான் உட்கார்ந்தேன். என்னையே சாட்சிக்கு இழுத்துச் சண்டை போட்டார்கள். அஞ்சலை, "நீயே நடுவுல மாட்டிக்கிட்டியாக்கா" என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த மத்தியானம்தான். செல்வி "ரொம்ப மோசம்" என்று சொல்லி முடித்த நேரம், பஸ் புல்வெளி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த மாமி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெளியே ஒரு பலூன்காரர். வயதானவர், பெரிய மீசை. தலைக்கு மேலே சிவப்பும் நீலமுமாகப் பலூன்கள் ஆடுகின்றன. தலையில் கடுகு மஞ்சள் குல்லாய். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் பச்சைக் குஞ்சம். அந்தத் தாராளமான அளவு அவருக்குக் கச்சிதமாக இருந்தது.

பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஒருத்தனும் பந்தர் என்று கூவவில்லை. "நான்தான் முதல்ல பாத்தேன்" என்றாள் ஹேமா. "நான்தான்" என்றாள் செல்வி. இரண்டு சுண்டு விரல் நீண்டதை ஓரக் கண்ணால் பார்த்தேன். அதற்குள் பஸ் அவரைத் தாண்டிவிட்டது. மாமி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

திருப்பம் வந்தது. சௌத்ரி தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"ஹோ கயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நடு சீட்டிலிருந்து பதில் வந்தது. ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு மாமி இன்னொரு சுற்று கேட்டார்:

"நஹி பையா. ஏக் அவுர்."